கிட்டார் கழுத்தைப் பிடித்தால் மர வைஸ் (மேசைக் காலில் பொருத்திய திருகுப்பிடி) சாய்கிறதா?

திருகைப் போட்டு இறுக்காதீர்கள், கோளாறு அங்கே இல்லை. வைஸின் அசையும் முன்பலகைக்கும் மேசைக் காலுக்கும் நடுவே, அடிப்பக்கத்தில், கழுத்தின் அதே கனத்தில் ஒரு மரத்துண்டை வையுங்கள், சாய்வது நின்றுவிடும்.

நீங்கள் கழுத்தை மேல் விளிம்பில் பிடிக்கிறீர்கள், திருகு ஒரு சாண் கீழே இருக்கிறது. அடியில் தாங்க ஒன்றும் இல்லாததால் பலகையின் அடிமுனை உள்ளே போகிறது, வாய் மேலே பிளக்கிறது. அதனால்தான் கழுத்து நழுவுகிறது.

சோதிக்க, ஒரே அகலத் துண்டைப் பிடித்து, மேலே இரண்டு, கீழே இரண்டு என நான்கு இடத்தில் காகிதக் கீற்றைச் செருகி இழுத்துப் பாருங்கள். மேலே சற்று முன்னதாகப் பிடிக்க வேண்டும். கீழே முதலில் இறுகினால் நான் சொன்னதுதான் காரணம்.

நிரந்தரமாகச் செய்ய, அடியில் ஒரு தேக்குச் சட்டத்தைப் பலகையோடு பொருத்தி, மேசைக் காலுக்குள் ஓடவிடுங்கள். அதில் இரண்டு வரிசையாக, மாற்றி மாற்றித் துளையிட்டு, காலுக்கு முன்னால் முளை செருகினால் அது மரத்துண்டுபோலத் தாங்கும், எந்தக் கனத்துக்கும் சரிவரும். சட்டம் ஓடும் துளையில் 1 மி.மீ. இடம் விடுங்கள். சென்னை ராயபுரம் போன்ற கடலோர இடத்தில் ஐப்பசி மழைக்கு மரம் ஊதிச் சிக்கிக்கொள்ளும்.

கடல் காற்றில் திரெட் ராட் (வைஸின் திருகுக் கம்பி) துருப்பிடிக்கும்தான். அதற்காகக் கிரீஸ் பூசாதீர்கள், மெழுகு போதும். கிரீஸ் பட்ட கையோடு கழுத்தைத் தொட்டால் அந்த இடத்தில் பாலிஷ் பிடிக்காது.

அப்புறம் ஒன்று: கழுத்து ஒரு முனையில் குறுகலாக இருப்பதால் வரும் ஆட்டத்துக்கு இது மருந்தில்லை. அதற்குத் தோல் ஒட்டிய ஆப்புக்கட்டை தனியாக வேண்டும். சென்னை பெரியமேட்டில் வெட்டுத்தோல் கிடைக்கும்.