‘ஹங்கர் கேம்ஸ்’ படங்களைப் பார்த்துவிட்டேன். இனி நாவல்களையும் படிக்க வேண்டுமா?

படிக்க வேண்டும். மூன்றும் முடியாவிட்டால் முதல் நாவலையாவது படித்துவிடுங்கள். நான்கு படங்களையும் பார்த்து முடித்த பிறகு புத்தகத்தில் என்ன மிச்சம் இருக்கப் போகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். பசி மிச்சம் இருக்கிறது. தலைப்பிலேயே அதை வைத்துக்கொண்டு, படங்கள் வழியில் தவறவிட்டது அதைத்தான்.

நானும் படத்திலிருந்து தொடங்கியவள்தான். 2012இல் முதல் படம் வந்தபோது பார்த்தேன். வில்லேந்திய ஒரு பெண், காட்டுக்குள் அடைக்கப்பட்ட 24 பிள்ளைகள், ஒருவர் மட்டும் மிஞ்சும்வரை கொலை. நன்றாக எடுத்திருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டு மறந்தும் போனேன். அடுத்த கோடை விடுமுறைக்கு வந்திருந்த தங்கை மகள், பாதி படித்த புத்தகத்தைச் சோபாவில் கவிழ்த்து வைத்துவிட்டுத் தூங்கிவிட்டாள். சும்மா எடுத்துப் புரட்டினேன். முதல் அத்தியாயத்திலேயே ஒரு கணக்கு வந்து மாட்டியது.

என் அப்பா நியாய விலைக் கடையில் எடை போட்டுக் கொடுத்தவர். ஒரு கார்டுக்கு எத்தனை பேர், எத்தனை கிலோ என்ற பேச்சு எங்கள் வீட்டில் சாப்பாட்டு நேரத்திலும் ஓயாது. அதனால்தானோ என்னவோ, அந்தக் கணக்கு எனக்குச் சட்டென்று பிடிபட்டது. கதை நடக்கும் பேனம் நாடு மாவட்டங்களாகப் பிரிந்தது; அந்தக் கொலைப் போட்டிக்குப் போகும் பிள்ளைகளை மாவட்டந்தோறும் குலுக்கலில் எடுப்பார்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் 12 வயதில் குலுக்கலில் ஒரு சீட்டு. ஆண்டுக்கு ஒன்று கூடி, 18 வயதில் ஏழு. இது எல்லோருக்கும் பொது. ஆனால் வீட்டில் உலை வைக்க வழியில்லாத பிள்ளை, தன் பெயரைக் கூடுதலாக எழுதிப் போட்டுக்கொள்ளலாம். அதற்கு ‘டெசரா’ என்று பெயர். கூடுதல் சீட்டு ஒன்றுக்கு, ஒரு ஆளுக்கு ஓராண்டுக்கான தானியமும் எண்ணெயும் கிடைக்கும். அதுவும் அரைவயிற்றுக்குத்தான். தனக்கு, அம்மாவுக்கு, தங்கை ப்ரிம்முக்கு என்று கதாநாயகி காட்னிஸ் ஆண்டுதோறும் மூன்று சீட்டு கூடுதலாகப் போடுகிறாள். வயதுக்குரிய ஒன்றையும் சேர்த்தால் ஆண்டுக்கு நான்கு. ஐந்தாவது ஆண்டில், 16 வயதில், அவள் பெயர் 20 முறை. ஐந்து பேர் வயிற்றைப் பார்த்துக்கொள்ளும் அவள் தோழன் கேலுக்கு ஆண்டுக்கு ஆறு வீதம் ஏழு ஆண்டுகளில் 42.

படத்தில் இது என்ன ஆனது தெரியுமா? புல்வெளியில் உட்கார்ந்துகொண்டு கேல் “42” என்கிறான். முடிந்தது. படம் பார்ப்பவருக்கு அது ஒரு பெரிய எண், பாவம் என்று தோன்றும். அந்த 42க்குப் பின்னால் ஐந்து தட்டுகள் இருப்பது தெரியாது. நாவலில் கேலின் கோபம் இங்கேதான் பற்றிக்கொள்கிறது. மேயர் மகள் மேட்ஜிடம், உனக்கு மிஞ்சிப்போனால் ஐந்து சீட்டு இருக்குமா, 12 வயதிலேயே எனக்கு ஆறு இருந்தது என்று சுடச்சுடக் கேட்கிறான். ஒரே மாவட்டத்துக்குள் பசித்தவனையும் பசிக்காதவனையும் ஒருவர்மேல் ஒருவர் ஏவிவிடும் தந்திரம் டெசரா என்பது அவனுக்குத் தெரியும். படத்தில் மேட்ஜ் என்ற பெண்ணே இல்லை. அவள் கொடுக்க வேண்டிய மாக்கிங்ஜே பறவைச் சின்னம், கள்ளச்சந்தையில் ஒரு கிழவியிடமிருந்து காட்னிஸுக்குக் கிடைத்துவிடுகிறது. பாத்திரத்தைக் குறைப்பது திரைக்கதையில் வழக்கம்தான், எனக்கும் தெரியும். ஆனாலும் அந்தப் பெண்ணோடு ஒரு வர்க்கமே கதையிலிருந்து எழுந்து போய்விட்டது.

ரொட்டிக் காட்சியையும் சொல்ல வேண்டும். காட்னிஸோடு பின்னால் போட்டிக்குப் போகும் ரொட்டிக்கடைப் பையன் பீட்டா, மழையில் அவளுக்கு ரொட்டியை வீசுவதைப் படம் துண்டு துண்டான நினைவாகக் காட்டுகிறது. புத்தகத்தில் அதற்கு முன்னால் நடப்பதுதான் நெஞ்சை அடைக்கிறது. சுரங்க வெடிப்பில் காட்னிஸின் அப்பா செத்துப் போயிருக்கிறார். அம்மா பித்துப் பிடித்தவள்போலக் கிடக்கிறாள். மூன்று நாளாக வீட்டில் பழைய புதினா இலை போட்ட வெந்நீர் மட்டும்தான். 11 வயதுப் பெண் தங்கையின் பழைய குழந்தைத் துணிகளைச் சந்தைக்குக் கொண்டுபோகிறாள், வாங்க ஆளில்லை. குப்பைத் தொட்டிகளைத் திறந்து பார்க்கிறாள், அவையும் காலி. மே 8ஆம் தேதி வந்தால் 12 வயது ஆகிவிடும், டெசராவுக்குப் பெயர் கொடுத்துவிடலாம் என்று நாளை எண்ணிக்கொண்டிருக்கிறாள். சாவுக்கான சீட்டைப் பிறந்தநாள் பரிசுபோல எதிர்பார்க்கும் குழந்தை! அந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனேன்.

இதையெல்லாம் படத்தில் சொல்ல முடியாது என்பவர்கள் சொல்லும் காரணம் ஒன்று உண்டு. அது நியாயமானதும்கூட. சூசன் காலின்ஸ் முழுக்கதையையும் காட்னிஸ் வாயிலாக, தன்மையில், நிகழ்காலத்தில் எழுதியிருக்கிறார். அவள் மண்டைக்குள் ஓடுவதுதான் கதை. போட்டியில் தாகத்தில் நாக்கு வறண்டு கிடக்கும்போது, ஆதரவாளர்களின் பணத்தில் அவள் வழிகாட்டி ஹேமிட்ச் தண்ணீர் அனுப்பியிருக்கலாம், அனுப்பவில்லை. ஏன் என்று யோசித்து யோசித்து, தண்ணீர் பக்கத்திலேயே இருப்பதால்தான் அனுப்பவில்லை என்று கண்டுபிடிக்கிறாள். ஒன்றும் வராததே ஒரு கடிதம். படத்தில் பாராசூட்டோடு கையால் எழுதிய துண்டுச் சீட்டே வந்துவிடுகிறது. சுலபமான வழி. கொஞ்சம் சோம்பேறித்தனமான வழியும்கூட.

முதல் படத்தின் இயக்குநர் கேரி ராஸ் வேறோர் இடத்தில் ஈடுகட்டினார் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். காட்னிஸ் பார்க்க முடியாத இடங்களுக்குக் கேமராவைக் கொண்டுபோனார். போட்டியைக் கணினியில் நடத்தும் கட்டுப்பாட்டு அறை, அதிபர் ஸ்னோவின் ரோஜாத் தோட்டம் எல்லாம் அப்படி வந்தவை. ஸ்னோவாக நடித்த டொனால்ட் சதர்லேண்ட், அதிகாரத்தைப் பற்றியும் ரோஜாக்களைப் பற்றியும் இயக்குநருக்கு நீண்ட கடிதம் எழுதப்போய்த்தான் தோட்டக் காட்சிகளே எழுதப்பட்டன. நாவலைவிட ஸ்னோ முன்கூட்டியே உயிர் பெற்றது அந்தக் கிழவரால்தான்.

ஆனால் வெளியே போனதற்கு ஒரு விலையும் இருந்தது. சிறுமி ரூ இறந்ததும், நாவலில் அவளுடைய 11ஆம் மாவட்டத்து ஏழைகள் காட்னிஸுக்கு ஒரு ரொட்டி அனுப்புகிறார்கள். ஒரு மாவட்டம் வேறு மாவட்டத்துப் போட்டியாளருக்குப் பரிசு அனுப்புவது அதுவரை நடந்ததில்லை. படத்தில் ரொட்டிக்குப் பதில் கலவரம் வெடிக்கிறது. இன்னொரு இயக்குநரான ஸ்டீவன் சோடர்பெர்க் வந்து உதவி செய்து எடுத்த காட்சி அது. பார்க்கப் பரபரப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் தன் பிள்ளையைப் பறிகொடுத்துவிட்டு, தானும் பட்டினி கிடந்து, ஊர்கூடிக் காசு சேர்த்து இன்னொருத்தி பிள்ளைக்குச் சோறு அனுப்புவது கலவரத்தைவிடப் பெரிய காரியம் என்று எனக்குத் தோன்றுகிறது. பசி வந்தால் பத்தும் பறந்து போகும் என்பார்கள். இங்கே ஒன்றும் பறக்கவில்லை.

காட்னிஸாக நடித்த ஜெனிஃபர் லாரன்ஸ் பட்டினி கிடந்தவள்போல இல்லை என்று அப்போது சில விமர்சகர்கள் எழுதினார்கள். அந்தக் கட்சியில் நான் இல்லை. காட்னிஸ்போல ஆக வேண்டும் என்று எந்தச் சிறுமியும் இரவுச் சாப்பாட்டைத் தவிர்க்கக் கூடாது என்று அவரே சொன்னார்; சரியான பேச்சு. பசியை நடிகையின் எலும்பில் தேடக் கூடாது, திரைக்கதையில் தேட வேண்டும். எனக்குச் சிரிப்பு வந்தது வேறொன்றுக்கு. 2013இல் இரண்டாம் படம் வெளியானபோது சப்வே உணவகங்களில் அந்தப் படத்தின் பெயரால் காரசாரமான சாண்ட்விச் விற்றார்கள். கவர்கேர்ல் நிறுவனம் பேனமின் ஆடம்பரத் தலைநகரமான கேபிடலின் பெயரில் ஒப்பனைப் பொருட்களை இறக்கியது. பேனம் என்ற பெயரே ‘ரொட்டியும் கேளிக்கையும்’ என்ற லத்தீன் தொடரிலிருந்து வந்தது. விளம்பரப் பிரிவில் ஒருவராவது புத்தகத்தைப் படித்திருப்பாரா?

ஆனால் அந்த இரண்டாம் படத்தை, ‘கேட்சிங் ஃபயர்’ படத்தை, நான் குறை சொல்ல மாட்டேன். பிரான்சிஸ் லாரன்ஸ் பொறுப்பேற்ற பிறகு படம் நிதானமாகிறது. தின்றதை வாந்தியெடுத்துவிட்டு மறுபடி தின்பதற்காக விருந்தில் கொடுக்கும் பானம் இதில் அப்படியே இருக்கிறது. பீட்டாவின் முகத்தைப் பாருங்கள். முதல் படம் முழுக்க இல்லாத பசி அந்த ஒரு நிமிடத்தில் வந்துவிடும். நாவலைவிடப் படம் மேல் என்று நான் சொல்வது இந்த ஒன்றைத்தான். உலகெங்கும் சுமார் 86 கோடி டாலர் வசூலித்து, நான்கில் அதிகம் ஓடிய படமும் இதுவே.

மூன்றாம் நாவலை இரண்டு படங்களாக வெட்டியது வீண் வேலை. ஹாரி பாட்டரும் ட்வைலைட்டும் காட்டிய வழி அது. கல்லா நிறையும் என்று நினைத்தார்கள். இரண்டு படங்களும் முந்தையதைவிடக் குறைவாகத்தான் வசூலித்தன. வெட்டியதற்காக வருந்துவதாக இயக்குநரே பின்னால் சொல்லிவிட்டார். இதே ஆசையில் ‘டைவர்ஜென்ட்’ வரிசையின் கடைசி நாவலையும் இரண்டாக வெட்டினார்கள். 2016இல் முதல் பாதி படுத்துவிட, மறுபாதி எடுக்கப்படவே இல்லை. அந்த விஷயத்தில் நாம் தப்பித்தோம்.

படத்தால் மட்டும் ஆன ஒரு காரியமும் உண்டு. மூன்று விரல்களை உதட்டில் வைத்து உயர்த்தும் சைகை, நாவலில் காட்னிஸின் 12ஆம் மாவட்டத்தார் இறுதிச் சடங்குகளில் செய்யும் பழைய வழக்கம். நன்றி, மதிப்பு, விடைபெறுதல் மூன்றும் அதில் அடக்கம். எழுத்தில் படித்தபோது அது என் கண்ணில் நிற்கவே இல்லை. திரையில் பார்த்தவர்கள் அதை வீதிக்குக் கொண்டுபோனார்கள். 2014இல் ராணுவம் ஆட்சியைப் பிடித்த தாய்லாந்தில் அந்த மூன்று விரல்களை உயர்த்தியதற்காக மாணவர்கள் கைது செய்யப்பட்டார்கள். பாங்காக்கில் திரையரங்கு ஒன்று மூன்றாம் படத்தின் காட்சிகளை ரத்து செய்தது. 2021இல் மியான்மரிலும் அதே விரல்கள் உயர்ந்தன.

ஆகவே முதல் நாவலைப் படியுங்கள், பிறகு இரண்டாம் படத்தை இன்னொரு முறை பாருங்கள். காட்னிஸ் என்பது நீரோரத்தில் வளரும் ஒரு செடி, அதன் கிழங்கைத் தின்னலாம். உன்னை நீயே கண்டுபிடிக்க முடிகிறவரை நீ பட்டினி கிடக்க மாட்டாய் என்று அவள் அப்பா வேடிக்கையாகச் சொல்லியிருப்பார். நான்கு படங்களைப் பார்த்தவர்களிலும் எத்தனையோ பேருக்கு இது தெரியாது. 2023இல் முன்கதைப் படம் வந்தபோது தங்கை மகளோடு போயிருந்தேன். அவள் இப்போது வேலைக்குப் போகிறாள். ஏரிக்கரைக் காட்சியில் அந்தச் செடியின் பெயர் வந்தது. அரங்கில் யாரும் அசையவில்லை. அவள் மட்டும் இருட்டில் என் முழங்கையை இடித்து, “கிழங்கு, பெரியம்மா” என்றாள்.