பல்சர் பார்க்க ஒன்றரை இலட்சமா?

கிளிநொச்சியிலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார்: மகள் உயர்தரத்தில் பௌதிகவியல் படிக்கிறாள், இரட்டைப் பல்சர்களை வைத்து ஐன்ஸ்டீனின் பொதுச் சார்புக் கொள்கையைச் சோதிக்கும் செயற்றிட்டம் செய்யப் போகிறாள். ரியூசனில் அறிமுகமான ஒருவர் ஒன்றரை இலட்சத்துக்குத் தொலைகாட்டியும் ‘ஆய்வுச் சான்றிதழும்’ எடுத்துத் தருகிறாராம். வாங்கலாமா?

வேண்டாம் அக்கா. முற்பணம் கொடுத்திருந்தால் இன்றைக்கே திருப்பிக் கேளுங்கள். பல்சர் என்பது வேகமாகச் சுழன்று சீராகத் துடிக்கும் செத்த நட்சத்திரம், அதன் துடிப்பு வானொலி அலையில் வருவது. 1974இல் ஹல்ஸ், டெய்லர் என்ற வானியலாளர்கள், பல்சரும் இன்னொரு செத்த நட்சத்திரமும் ஒன்றையொன்று சுற்றும் இப்படியொரு சோடியை முதலில் பிடித்தது போட்டோ ரிக்கோவின் அரெசிபோ வானொலித் தொலைகாட்டியில், 305 மீற்றர் அகலத் தட்டை வைத்து. முற்றத்தில் மூன்று காலில் நிற்கும் குழாயில் சந்திரனைப் பார்க்கலாம், அவ்வளவுதான்.

அந்தப் பல்சர் 59 மில்லிசெக்கனுக்கு ஒரு தடவை துடிக்கும், தன் சோடியோடு 7 மணி 45 நிமிடத்தில் ஒரு சுற்று வரும். ஈர்ப்பலையாகச் சக்தி போவதால் சுற்றும் நேரம் சுருங்க வேண்டும் என்பது ஐன்ஸ்டீன் கணக்கு. சுருங்குகிறது, வருடத்துக்குச் சுமார் 76 மைக்குரோசெக்கன். இத்துனூண்டுதான், ஆனால் சேர்ந்துகொண்டே போகும்: சுற்று முடியும் நேரம் 10 வருடத்தில் 4 செக்கன் முந்தும், 20இல் 17, 30இல் 39 அளவு. மகள் இதை வரைபுத்தாளில் குறித்தால் பரவளைவு வரும். செயற்றிட்டமே அதுதான். அளவீடுகள் ஆய்வுக் கட்டுரைகளில் இருக்கின்றன, இணையத்தில் சும்மா எடுக்கலாம், போன் போதும்.

ஒன்றை மட்டும் அவள் விடக்கூடாது. நமது சூரியனும் அந்தப் பல்சரும் பால்வீதியை வெவ்வேறு ஆர்முடுகலோடு சுற்றுவதால் அளந்த சுருக்கத்தில் கொஞ்சம் பொய்ச் சுருக்கமும் கலந்திருக்கும், அதைக் கழிக்க வேண்டும், கழிக்கப் பல்சரின் தூரம் தெரிய வேண்டும், அந்தத் தூரமோ திட்டமாகத் தெரியாது, அதனால்தான் இந்தச் சோடியில் பொருத்தம் ஓர் எல்லைக்கு மேல் கூர்மையாகவில்லை. 2003இல் கண்ட இரண்டுமே பல்சரான சோடி கிட்ட இருப்பதால் இந்தத் தொல்லை குறைவு. 16 வருட அவதானம் 2021இல் வெளிவந்தது, ஐன்ஸ்டீன் கணக்கோடு 99.99 வீதம் பொருந்தியது.

சான்றிதழ் விசயம்தான் எரிச்சல். கோப்பின் தடிப்பைப் பார்த்துப் புள்ளி போடும் வரைக்கும் இந்த ஆட்களுக்கு யாவாரம் நடக்கும். பாடசாலைக்கு வந்த தொலைகாட்டியோ, உடைந்தால் யார் கையெழுத்து வைப்பது என்ற பயத்தில் அலுமாரிக்குள் பெட்டியோடு கிடக்கும்.

அந்த ஆள் இன்னும் வாதாடினால், இது வானொலி அலையை எந்த மீடிறனில் வாங்கும் தம்பி என்று கேளுங்கள்.