துயரத்தின் தர்க்கம் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

நான் முதுகலை மாணவர்களுக்கு ஆங்கில இலக்கியம் கற்பிக்கிறேன். இந்தப் பருவத்தில் ஸ்டீபன் கிங்கின் ‘பெட் செமட்டரி’ நாவலை விருப்பப் பாடமாக வைத்திருக்கிறோம். வகுப்பில் பாதிப் பேர், செத்த பூனை திரும்பி வரும் இடம் எப்போது வரும் என்று பக்கங்களைத் தள்ளிக்கொண்டு போகிறார்கள். அண்மையில் தம்பியைப் பறிகொடுத்த மாணவி ஒருத்தியோ, இதைத் தன்னால் வாசிக்க இயலாது என்று தனியே வந்து சொன்னாள். பயமுறுத்தி விற்கும் நூலுக்குப் பாடத்திட்டத்தில் என்ன வேலை என்று சக ஆசிரியர் ஒருவர் கேட்கிறார். இந்த நாவலை எப்படி நடத்துவது? நடத்தத்தான் வேண்டுமா?

அன்புடன்,
ம.

அன்புள்ள ம. அவர்களுக்கு,

நடத்த வேண்டும் என்றே நினைக்கிறேன். வாசிக்காத நண்பர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். லூயிஸ் கிரீட் என்ற மருத்துவர் மனைவி ரேச்சல், மகள் எல்லி, கைக்குழந்தை கேஜ் ஆகியோருடன் சிகாகோவிலிருந்து மெய்ன் மாநிலத்துச் சிற்றூர் ஒன்றுக்குக் குடிவருகிறான். வீட்டுக்கு முன்னால் லாரிகள் விரையும் சாலை. பின்னால் காட்டுக்குள் சிறுவர்கள் தங்கள் வளர்ப்புப் பிராணிகளைப் புதைக்கும் இடம். அதற்கும் அப்பால், புதைத்தவற்றைத் திருப்பி அனுப்பும் ஒரு நிலம்; மிக்மாக் என்ற வட அமெரிக்கப் பழங்குடியினரின் பழைய இடுகாடு அது. முதலில் பூனை திரும்பி வருகிறது, பிறகு லாரியில் அடிபட்டு இறந்த குழந்தை.

கிங் 1970களின் இறுதியில் மெய்ன் பல்கலைக்கழகத்தில் ஓராண்டு கற்பித்தபோது குடியிருந்த வீடும் இப்படியொரு சாலையோரத்தில்தான் இருந்தது. மகளின் பூனை அங்கே அடிபட்டுச் செத்தது, சின்ன மகன் சாலையை நோக்கி ஓடியதும் உண்டு. எழுதி முடித்தபின் எல்லை மீறிவிட்டதாக எண்ணி இந்த நாவலை ஒதுக்கி வைத்திருந்த அவர், பதிப்பகத்துடனான ஒப்பந்தக் கடப்பாட்டை முடிப்பதற்காகவே 1983இல் வெளியிட்டார். எழுதியவரையே அஞ்சவைத்த நூல் என்ற இந்தச் செய்தி உங்கள் சக ஆசிரியருக்கும் உதவக்கூடும்.

உங்கள் மாணவர்கள் தள்ளிவிட்டுப் போகும் பக்கங்களில்தான் நாவலின் உயிர் இருக்கிறது. பூனை சாகாமலே ஐந்து வயது எல்லி, அது ஒருநாள் சாகும் என்ற எண்ணம் தாளாமல் வெடித்து அழுகிறாள். குழந்தையிடம் மரணத்தைப் பற்றிப் பேசியதற்காக ரேச்சல் கணவனிடம் சண்டையிடுகிறாள். சிறுமியாக இருந்தபோது, நோயில் உருக்குலைந்த அக்காவுடன் வீட்டில் தனியே விடப்பட்டு, அந்தச் சாவைக் கண்ணால் கண்டவள் அவள். அதைப் பல ஆண்டுகள் யாரிடமும் பேசாதவள். மரணம் இயற்கையானது என்று நிதானமாக விளக்குபவன் லூயிஸ். அந்த நிதானமானவன்தான் பின்னால் மகனின் கல்லறையைத் தோண்டுகிறான் என்பதால், இந்தச் சண்டையை வகுப்பில் உரக்க வாசிக்கச் செய்யுங்கள். பக்கத்து வீட்டு மூதாட்டி நார்மா இறப்பதும் அடக்கம் செய்யப்படுவதும் கதையில் ஒரு திருப்பத்தையும் தருவதில்லை, ஆனால் எல்லா மரணங்களும் அப்படி அமைவதில்லை என்பதை உணர அந்த அமைதியான சாவு தேவைப்படுகிறது.

இரண்டு பகுதிகளுக்கு ஒவ்வொரு வகுப்பு முழுமையாக ஒதுக்கலாம். தந்தையும் மகனும் பட்டம் விடும் பகுதி முதலாவது. நாவலிலேயே மகிழ்ச்சி மிகுந்த அந்த அத்தியாயத்தின் நடுவில், குழந்தைக்கு இன்னும் இரண்டு மாதம்கூட ஆயுள் இல்லை என்பதைக் கதைசொல்லி போகிறபோக்கில் சொல்லிவிடுகிறார். திகில் கதை மறைத்துவைத்திருக்க வேண்டிய செய்தியை முன்கூட்டியே கொடுத்துவிட்டு, வாசகரைத் துயரத்துக்குள் உட்கார வைக்கிறார். அடுத்தது, சாலையை நோக்கி ஓடும் கேஜைத் தந்தை எட்டிப் பிடித்துவிடும் அத்தியாயம். குழந்தை பிழைக்கிறான், வளர்கிறான், ஒலிம்பிக் நீச்சல் வீரனாகிறான். முடிவில் அந்த வாழ்வு முழுவதும் கலைந்து, இரத்தம் நிறைந்த தொப்பி மட்டும் மிஞ்சுகிறது. ‘அன்று ஒரு விநாடி முந்தியிருந்தால்’ என்று இழந்தவர்கள் மனத்துக்குள் ஓயாமல் எழுதிப் பார்ப்பதை இவ்வளவு நேராகச் சொன்ன பக்கங்களை நான் அதிகம் கண்டதில்லை.

இந்த நாவலில் என்னை மிகவும் அச்சுறுத்துவது லூயிஸ் காரணம் கற்பித்துக்கொள்ளும் விதம். அவன் பித்துப்பிடித்துப் பிதற்றுவதில்லை. சிகிச்சைத் திட்டம் வகுக்கும் மருத்துவனைப் போல, குழந்தையைத் திரும்பக் கொண்டுவந்து கவனிக்கலாம், சரியில்லை என்றால் தானே முடித்துவிடலாம் என்று படிப்படியாகத் திட்டமிடுகிறான். திரும்பி வந்த கேஜ் தாயையே கொன்ற பிறகும், மகனைப் புதைக்கத் தாமதித்ததே தவறு, இவளோ இப்போதுதான் இறந்தாள் என்று கணக்குப் போட்டு மனைவியின் உடலைத் தூக்கிக்கொண்டு அதே நிலத்துக்கு நடக்கிறான். ஒவ்வொரு படியிலும் ‘இதில் எந்த வாதம் தவறு?’ என்று மாணவர்களைக் கேளுங்கள். தவறைச் சுட்டிக்காட்டுவது எளிது; அவன் இடத்திலிருந்து அதை மறுப்பது கடினம் என்று அவர்களே கண்டுகொள்வார்கள்.

இதனுடன் டபிள்யூ. டபிள்யூ. ஜேக்கப்ஸ் 1902இல் எழுதிய ‘குரங்கின் பாதம்’ சிறுகதையை வைக்கலாம். அதில் மூன்று வரம் தரும் குரங்குப் பாதத்திடம் இறந்த மகனைத் திரும்பக் கேட்கிறார்கள்; கதவு தட்டப்படுகிறது; தாய் அதைத் திறப்பதற்குள் தந்தை கடைசி வரத்தைக் கேட்டுவிட, வெளியே வெறும் சாலை மட்டும் கிடக்கிறது. கிங் அந்தக் கதவைத் திறந்துவிடுகிறார். கூடவே புறநானூற்றின் 256ஆம் பாடலையும் வாசிக்கச் சொல்லுங்கள்: கணவனை இழந்த பெண், தனக்கும் இடம் இருக்கும்படி, இறந்தவரைப் புதைக்கும் தாழியை அகலமாக வனையுமாறு குயவனை வேண்டுகிறாள். இறந்தவரோடு போக விழையும் துயரமும், இறந்தவரை இழுத்துவர விழையும் துயரமும் அருகருகே நிற்கும்போது விவாதம் தானாகவே நடக்கும்.

மனநல மருத்துவர் எலிசபெத் கூப்ளர்-ராஸ் 1969இல் முன்வைத்த மறுப்பு, கோபம், பேரம், மனச்சோர்வு, ஏற்பு என்ற ஐந்து நிலைகளைக் கொண்டுவந்து நாவலின் மேல் ஒட்ட மாணவர்கள் முனைவார்கள். அவை சாவை எதிர்நோக்கியிருந்த நோயாளிகளிடம் பேசி அவர் கண்டவை. லூயிஸின் கதையை அந்தப் பெட்டிகளுக்குள் அடைத்தால் வாசிப்பு அங்கேயே நின்றுவிடும். இன்றும் வாழும் மிக்மாக் பழங்குடியினரின் இடுகாட்டைத் தீமையின் ஊற்றாக நாவல் காட்டுவதையும் பூசிமெழுகாமல் விவாதியுங்கள். அதை நான் நாவலின் குறையாகவே கருதுகிறேன்.

அந்த மாணவியை வற்புறுத்த வேண்டாம். காரணம் கேட்காமல் வேறொரு நூலைக் கொடுங்கள், மற்றவர்கள் அறியும்படி செய்யாதீர்கள், பிற்பாடு அவளாக விரும்பி வந்தால் வகுப்பில் இடம் இருக்கட்டும். உங்கள் வகுப்பு மனநல ஆலோசனைக்கான இடம் அல்ல என்பதால், சொந்த இழப்பை எழுதச் சொல்லும் பயிற்சிகளை யாருக்குமே கொடுக்காதீர்கள். தேர்வுக்குக் கேள்வி அமைக்கும்போது நாவலுக்குள்ளேயே நின்று, ரேச்சல் தன் அக்காவின் சாவைக் கணவனிடம் சொல்லும் பகுதியைத் தந்து, அவள் எதையெல்லாம் சொல்லத் தயங்குகிறாள் என்று கேளுங்கள்.

அன்புடன்.