கூட நின்று சிரித்தாலும் பங்கு உண்டு

கேள்வி: வகுப்பில் ஒரு மாணவியைச் சிலர் தினமும் கேலி செய்கிறார்கள். என் மகள் கூட நின்று சிரிப்பாள், அவ்வளவுதான். கண்டிக்க வேண்டுமா?

பதில்: விட்டுவிடாதீர்கள். 1996-இல் பின்லாந்து ஆய்வாளர் கிறிஸ்டினா சால்மிவல்லியின் குழு, சுற்றி நிற்பவர்களையும் வகை பிரித்தது: கூடச் சேர்ந்து சீண்டுபவர், சிரித்து ஏற்றிவிடுபவர், ஒதுங்கிப்போகிறவர், பாதிக்கப்பட்டவருக்குத் துணைநிற்பவர். உங்கள் மகள் இரண்டாம் வகை. சீண்டுபவர் தேடுவது வகுப்பில் ஒரு மவுசு; அதைக் கொடுப்பதே அந்தச் சிரிப்புதான்.

ஆனால் திட்டாதீர்கள்; பிறகு எதையும் உங்களிடம் சொல்ல மாட்டாள். தனியாக எதிர்த்து நிற்கவும் சொல்லாதீர்கள், அடுத்து அவளையே குறிவைக்கலாம். முதலில் சிரிப்பை நிறுத்தட்டும். பிறகு ஒரு தோழியோடு போய், "வா, எங்க கூட உட்காரு" என்று அந்தப் பெண்ணை அழைத்து வரட்டும். யார், எங்கே, எப்போது என்பதை அன்றே ஆசிரியரிடம் சொல்லுங்கள். சீண்டுபவரையும் அந்தப் பெண்ணையும் எதிரெதிரே உட்காரவைத்துச் சமாதானம் பேச மட்டும் வேண்டாம். பாதிக்கப்பட்டவள் பயத்தில் தலையாட்டிவிடுவாள்.