அந்தப் பொடியன் ஏன் நின்றான்?

கேள்வி: கணக்குப் பகுதியில் 34 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். வேலை தேடுகிறவர்களுக்கு உதவும் ஒரு சிறிய தொண்டு அமைப்புக்காக, நாலு மாதமாகச் சனிக்கிழமைகளில் கொட்டாஞ்சேனைக்குப் போய் வருகிறேன். அங்கே வந்த ஒரு பொடியனைப் பாவம் பார்த்து, புறக்கோட்டையில் என் தம்பியின் ஹார்ட்வெயர் கடையில் சேர்த்துவிட்டேன். மூன்றே நாளில் சொல்லாமல் நின்றுவிட்டான். தம்பி இன்னும் சொல்லிக் காட்டுகிறான். "சம்பளமில்லாத வேலைக்கு இவ்வளவு பாடா?" என்று வீட்டில் கேட்கிறார்கள். எனக்கும் மனம் விட்டுப்போய்விட்டது. தொடர்ந்து போகவா, விடவா?
– வாசகி, வெள்ளவத்தை, கொழும்பு

பதில்: அன்புள்ள சகோதரி,

போங்கள். இந்தச் சனிக்கிழமையே போங்கள். அதற்கு முன் அந்தப் பொடியனுக்கு ஒரு கோல் எடுங்கள். தம்பி சொன்னதையும் வீட்டார் சொன்னதையும் எழுதியிருக்கிறீர்கள். அவன் என்ன சொன்னான் என்று ஒரு வரிகூட இல்லை. "ஏன் நின்றாய்?" என்று கேட்க வேண்டாம். "அங்கே என்னப்பா நடந்தது?" என்று கேளுங்கள்.

நானும் சில வருடம் இந்த வேலை செய்தவள். இடையில் நின்ற பிள்ளைகளிடம் பிறகு ஆறுதலாகப் பேசிப் பார்த்தால், சோம்பல் காரணமாக இருந்தது குறைவு. சம்பளம் மாத முடிவில்தான், அதுவரை பஸ்ஸுக்குக் காசில்லை. சாமான் பெயரைச் சிங்களத்தில் சொன்னால் விளங்கவில்லை, திரும்பக் கேட்க வெட்கம். ஏழு மணிக்குப் பூட்டுவதாகச் சொன்ன கடையை ஒன்பதுக்குத்தான் பூட்டினார்கள். உங்கள் பொடியனுக்கு இன்னொன்றும் சேர்ந்திருக்கலாம்: முதலாளியின் அக்கா சேர்த்துவிட்டவன் எப்படி முறையிடுவான்? அதனால்தான், சொந்தக்காரர் கடையில் யாரையும் சேர்க்காதீர்கள் என்று புதிதாக வருகிற ஒவ்வொரு தொண்டரிடமும் சொல்வேன். உங்களிடமும் சொல்கிறேன். அப்புறம், உங்கள் கைக்காசையும் கொடுக்க வேண்டாம். பஸ் காசு தேவையென்றால் அமைப்பின் மூலம் கொடுக்க ஒரு வழி செய்யச் சொல்லுங்கள்.

வேலை எடுத்துக் கொடுப்பது நம் கையில் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து கேட்பது நம் கையில் இருக்கிறது. ஒரு நாள் முகத்துவாரத்திலிருந்து ஒரு அம்மா வந்தார். சொப்பிங் பேக்குக்குள் பிறப்புச் சான்றிதழும், மடிப்பில் கிழிந்து டேப் ஒட்டிய ஓ.எல். பெறுபேறும். "எனக்கு ஒரு வேலையும் தெரியாது மிஸ்" என்றார். சரி, காலையில் எத்தனை மணிக்கு எழும்புவீர்கள் என்று கேட்டேன். மூன்றரைக்கு. எதற்கு? இடியப்பம் அவிக்க. ஐந்து கடைகளுக்கு, பதினொரு வருடமாக. மாக் கணக்கு, கடைக்காரர் வைத்த பாக்கி எல்லாம் ஒரு சி.ஆர். கொப்பியில் எழுதி வைத்திருந்தார். அடுத்த கிழமை அந்தக் கொப்பியைக் கொண்டுவரச் சொல்லி, அதைப் பார்த்துத்தான் அவருடைய சி.வி.யை எழுதினோம். இப்படிக் கையில் தொழில் இருந்தும் சான்றிதழ் இல்லாத மேசன், வயரிங் ஆட்கள், தையல்காரர் நிறையப் பேர் வருவார்கள். வகுப்புக்குப் போகாமலே, அனுபவத்தைப் பரிசோதித்து என்.வி.கியூ. என்ற தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் பெறும் வழி, அரசாங்கத்தின் தொழிற்பயிற்சி நிறுவனமான நைட்டாவில் இருக்கிறது. அவர்களுக்கு அதை மறக்காமல் சொல்லுங்கள்.

உங்களிடம் இருக்கிற பெரிய சொத்து அந்த 34 வருடக் கணக்கு. முதல் சம்பளத்தில் எட்டு வீதம் பிடித்ததும் முதலாளி காசை எடுத்துவிட்டார் என்று நினைத்து வேலையை விட்ட பிள்ளையை எனக்குத் தெரியும். அது ஊழியர் சேமலாப நிதி (ஈ.பி.எஃப்.), ஓய்வுக் காலத்துக்காக நம் பெயரில் சேர்கிற காசு. நம் 8 வீதத்தோடு முதலாளி 12 வீதம் போட வேண்டும், ஊழியர் நம்பிக்கை நிதிக்கு (ஈ.டி.எஃப்.) இன்னொரு 3 வீதமும் அவர்தான் போட வேண்டும். இதை ஒரு கடதாசியில் வருகிற பிள்ளையின் சம்பளத்தை வைத்தே கூட்டிக் காட்டினால் முகம் மாறிவிடும். கடை, அலுவலக ஊழியர்களுக்கான 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி நாளுக்கு 8 மணித்தியாலம், வாரத்துக்கு 45, அதற்கு மேல் ஓவர்டைம். நியமனக் கடிதம் கேட்பது மரியாதைக் குறைவு இல்லை என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள். வெளிநாடு என்று சொல்லி யாராவது காசு கேட்டால், வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் உள்ள முகவர்தானா என்று பார்க்கும்வரை பாஸ்போர்ட்டைக் கொடுக்க விடாதீர்கள்.

தம்பியிடம், "என் முகத்துக்காக நீ ஆளை எடுத்தது பிழை, இனி அப்படிக் கேட்க மாட்டேன்" என்று ஒருமுறை சொல்லிவிடுங்கள். அவர் கடையில் அந்த மூன்று நாளும் என்ன நடந்தது என்றும் கேளுங்கள். வீட்டாருக்குப் பெரிய விளக்கம் தேவையில்லை.

பொடியன் போனை எடுக்காமல் விடலாம், உங்கள் நம்பரைப் பார்த்தாலே பயந்திருப்பான். அப்படியென்றால் ஒரு மெசேஜ் போடுங்கள்: "கோபம் இல்லை மகன். சனிக்கிழமை பத்து மணிக்கு அங்கே இருப்பேன். வா."