சளியில் ஏஎஃப்பி பாசிட்டிவ், ஜீன்எக்ஸ்பர்ட்டில் டிபி இல்லை. டாக்டர் மருந்து தராமல் மறுபடி சளி கேட்கிறாரே, ஏன்?

ஏஎஃப்பி பாசிட்டிவ் என்றால், சாயம் ஏற்றி அமிலத்தால் கழுவியும் நிறம் போகாத கிருமி இருக்கிறது என்று மட்டுமே பொருள். மைகோபாக்டீரியா குடும்பம் முழுவதற்கும் மெழுகுத்தன்மையுள்ள சுவர் உண்டு. மைக்ராஸ்கோப்பில் எல்லாமே சிவப்புக் குச்சிகள்தான். ஜீன்எக்ஸ்பர்ட் தேடுவதோ டிபி கிருமியின் மரபணுவை. மைக்ராஸ்கோப் கண்ணாடித் தகட்டில் கிருமி நிறையத் தெரிந்தும் ஜீன்எக்ஸ்பர்ட் நெகட்டிவ் என்றால், டிபி அல்லாத மைகோபாக்டீரியா, அதாவது என்டிஎம் என்ற சந்தேகம் வலுக்கும்.

இவை மண்ணிலும் குழாய்த் தண்ணீரிலும் வாழ்பவை. ஒரே ஒரு சளியில் முளைத்ததை வைத்து நோய் என்று முடிவுகட்ட முடியாது. அறிகுறி, சிடி ஸ்கேனில் பொருந்தும் மாற்றம், இவற்றோடு வெவ்வேறு நாளில் எடுத்த 2 சளியிலாவது ஒரே இனம் கல்ச்சரில் (லேபில் கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) வளர வேண்டும். பிராங்கோஸ்கோப்பி (நுரையீரல் குழாய்க்குள் கேமரா விட்டுப் பார்ப்பது) செய்து எடுத்த நீரில் வளர்ந்தால் ஒன்றே போதும். சளி கொடுக்கும் முன் குழாய்த் தண்ணீரில் வாய் கொப்பளிக்காதீர்கள். அதிலுள்ள கிருமியே கல்ச்சரில் வளர்ந்துவிடலாம். காய்ச்சி ஆறவைத்த நீர் நல்லது.

இனத்தின் பெயர் தெரியாமல் மருந்து தொடங்குவது பெரும்பாலும் வீண். என்டிஎம் இனங்களில் கான்சாசிக்கு ரிஃபாம்பிசின் நன்றாகக் கேட்கும். ஏவியம் காம்ப்ளெக்ஸுக்கு அசித்ரோமைசின்தான் முதுகெலும்பு. அப்சஸஸ் என்ற இனம் வேறு ரகம். வழக்கமான டிபி மாத்திரைகள் எதற்கும் அது மசியாது. நுரையீரலில் குழி விழுந்திருந்தால் மட்டும் அதிக நாள் காத்திருக்கக் கூடாது.

அதிகம் வருவது ஏவியம் என்பதால் அதன் கணக்கைச் சொல்கிறேன். குழி இல்லாத நோய்க்கு வாரம் 3 நாள் அசித்ரோமைசின் 500 மி.கி., ரிஃபாம்பிசின் 600 மி.கி., எத்தாம்பியூட்டால் கிலோவுக்கு 25 மி.கி. குழி இருந்தால் இதே மருந்துகள் தினமும்; முதல் 2, 3 மாதம் அமிக்காசின் ஊசியும் சேரும். தினசரி முறையில் எத்தாம்பியூட்டால் கிலோவுக்கு 15 மி.கி.தான். தவறு நடப்பது இங்கேதான். 60 கிலோ எடைக்கு வாரம் 3 நாள் அளவு 1,500 மி.கி.; தினசரி அளவு 900. முதல் சீட்டிலுள்ள 1,500-ஐ யாராவது 'தினமும்' என்று படித்துவிட்டால் அடி விழுவது கண் நரம்பில். எத்தாம்பியூட்டால் சிறுநீரகம் வழியே வெளியேறுவதால், கிரியாட்டினின் கூடியவர்களுக்கு (சிறுநீரகம் சரியாக வேலை செய்யாதவர்களுக்கு) ஆபத்து இன்னும் அதிகம். தொடங்கும் முன் கண் பரிசோதனை, பிறகு ஒவ்வொரு கண்ணாக மூடிச் சிறு எழுத்தும் சிவப்பு-பச்சை நிறமும் பார்த்துக்கொள்வது அவசியம். மங்கினால் அன்றே அந்த மருந்தை நிறுத்தி டாக்டரை அழையுங்கள்.

அசித்ரோமைசினை மட்டும் தனியாக ஒருபோதும் கொடுக்கக் கூடாது. இந்த மருந்து குறிவைக்கும் இடத்துக்கான 23எஸ் ஆர்ஆர்என்ஏ மரபணுவில் ஓர் எழுத்து மாறினாலே கிருமி தப்பித்துவிடும். அதன் பிறகு குணமாக்குவது மிகக் கடினம். நாள்பட்ட இருமலுக்கு மாதக்கணக்கில் அசித்ரோமைசின் எழுதும் முன் என்டிஎம் இல்லை என்று உறுதிசெய்வது இதற்காகத்தான். அதனால் கூட்டு மருந்தில் எத்தாம்பியூட்டால் ஒத்துக்கொள்ளாமல் அதை நிறுத்த நேர்ந்தால், மீதியை டாக்டரைக் கேட்காமல் நீங்களாகத் தொடராதீர்கள்.

கல்ச்சர் ரிப்போர்ட்டில் ரிஃபாம்பிசின், எத்தாம்பியூட்டால் எதிரே 'ரெசிஸ்டன்ட்' என்று இருந்தால் பதற வேண்டாம். ஏவியம் விஷயத்தில் சோதனைக்குழாய் முடிவு நோயாளியின் பலனோடு நம்பத்தக்கபடி ஒத்துப்போவது மேக்ரோலைடுக்கும் (அசித்ரோமைசின், கிளாரித்ரோமைசின் சேர்ந்த மருந்து வகை) அமிக்காசினுக்கும்தான். அப்சஸஸ் என்றால், லேபில் கிளாரித்ரோமைசின் தட்டை 14 நாள் வைத்துப் பார்த்தார்களா என்று கேளுங்கள். இஆர்எம் 41 என்ற மரபணு மருந்து பட்ட பிறகே விழித்துக்கொள்வதால், 3-ஆம் நாள் 'சென்சிடிவ்' எனத் தெரிந்தது 14-ஆம் நாள் மாறிவிடக்கூடும்.

கால அளவு பலரும் குழம்பும் இடம். ஏவியத்துக்கு 12 மாதச் சிகிச்சை என்பது முதல் மாத்திரையிலிருந்து அல்ல, சளிக் கல்ச்சர் நெகட்டிவ் ஆன நாளிலிருந்து எண்ணப்படுகிறது. அதனால் மொத்தம் ஒன்றரை வருஷம் ஆவது சகஜம். மாதம் ஒரு முறையோ 2 மாதத்துக்கு ஒரு முறையோ சளி கொடுக்காவிட்டால் கணக்கைத் தொடங்கவே வழியில்லை. 6 மாதம் ஒழுங்காகச் சாப்பிட்டும் கல்ச்சர் பாசிட்டிவாகவே இருந்தால், மூச்சில் இழுக்கும் லைப்போசோம் அமிக்காசினை (நுண்ணிய கொழுப்புக் குமிழுக்குள் வைத்த அமிக்காசின்) சேர்ப்பது பற்றி டாக்டரிடம் பேசலாம்.