உப்புக் காற்றில் சிமென்ட் ரோடு: கேள்வி பதில்

தேவிபட்டினம்: எங்கள் தெரு ரோட்டுக்குப் பிபிசி சிமென்ட் மூட்டை இறக்கியிருக்கிறார்கள் அண்ணே. அனல்மின் நிலையச் சாம்பல் கலந்த இந்தச் சிமென்ட் கடற்கரைக்குத் தாங்குமா?

தாங்கும் தம்பி. 15 முதல் 35 சதவீதம் வரை சாம்பல் சேர்க்க ஐஎஸ் என்னும் இந்தியத் தரமே இடம் கொடுக்கிறது. சிமென்ட் இறுகும்போது உண்டாகும் சுண்ணாம்போடு சாம்பல் சேர்ந்து நுண்துளைகளை அடைப்பதால் உப்பு இறங்குவது குறையும். ஆனால் அந்த வேலை மெதுவாக நடக்கும். அதனால் 14 நாளாவது பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்த வேண்டும். இரண்டு நாள் தெளித்துவிட்டு வண்டி விட்டால் எந்த சிமென்டும் காப்பாற்றாது.

கீழக்கரை: போர் தண்ணீர் உப்புக் கரிக்கிறது. கலவைக்கு ஊற்றலாமா?

பரிசோதித்த பிறகுதான். லிட்டருக்குக் குளோரைடு, கம்பி உள்ள கான்கிரீட்டுக்கு 500 மில்லிகிராம், கம்பி இல்லாததற்கு 2000 வரைதான். இணைப்புகளில் இரண்டு பக்கத்தையும் கோக்கும் டவல் கம்பி வைக்கும் ரோடு என்றால் 500 என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

மண்டபம்: எல்சி3 என்கிறார்களே, அது என்ன?

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். இது ஒரு கலப்பு சிமென்ட். பாதி கிளிங்கர் (அரைத்தால் சிமென்டாகும் சுட்ட கட்டி), சுமார் 30 சதவீதம் சுட்ட களிமண், 15 சதவீதம் சுண்ணாம்புக்கல், மீதி ஜிப்சம். கிளிங்கருக்கு 1450 டிகிரி சூடு வேண்டும், அதற்குச் சுடும் சுண்ணாம்புக்கல்லும் உடைந்து கரியமில வாயுவை விடும். களிமண்ணுக்கு 700 முதல் 850 டிகிரி போதும், அதிலிருந்து போவது பெரும்பாலும் நீராவிதான். கரியமில வாயு 40 சதவீதம் வரை குறையலாம்.

சுவிட்சர்லாந்தின் லோசான் தொழில்நுட்பக் கழகம், கியூபாவின் லாஸ் வில்லாஸ் பல்கலைக்கழகம், நம் டெல்லி, பம்பாய், மெட்ராஸ் ஐஐடிகள் எல்லாம் கைகோத்துச் செய்த ஆராய்ச்சி இது. 2023-ல் ஐஎஸ் 18189 என்று இந்தியத் தரமும் வந்துவிட்டது. உப்பைத் தடுப்பதில் இது நல்ல பெயர் வாங்கியிருக்கிறது. காற்றிலுள்ள கரியமில வாயு உள்ளே புகுவதைத் தடுப்பதில் சற்றுப் பின்தங்கும், ஆனால் அது கம்பிக்குத்தான் ஆபத்து. கம்பி குறைவான ரோட்டுக்கு அந்தக் கவலை பெரிதில்லை. களிமண் தண்ணீரை இழுக்கும், கலவை சீக்கிரம் கெட்டிப்படும், அதற்கு ரசாயனக் கலப்பி வேண்டும். தண்ணீரை அள்ளி ஊற்றக்கூடாது.

என் ஆசை ஒன்றுதான். மண்டபத்தில் காரைக்குடி மின்வேதியியல் ஆய்வகத்தின் கடலோர அரிப்புச் சோதனை நிலையம் இருக்கிறது. அதை ஒட்டி எல்சி3, பிபிசி, சாம்பல் கலக்காத சாதாரண சிமென்டான ஓபிசி மூன்றிலும் சோதனைக் கான்கிரீட் பலகைகள் போட்டு, நம் கல்லூரிப் பிள்ளைகளும் ஊர் மேஸ்திரிகளும் சேர்ந்து அளக்க வேண்டும்.

ராமேஸ்வரம்: மன்னிக்கணும் ஐயா, 1914-ல் திறந்த பழைய பாம்பன் பாலத்துக்குச் சாம்பல் சிமென்டா போட்டார்கள்? சுத்த சிமென்ட் நின்றதே!

நின்றது சரி. அந்தக் காலத்து சிமென்ட் கரடுமுரடாக அரைத்தது, மெதுவாக இறுகியது. இன்றைய 53 கிரேடு என்னும் அதிக வலிமை ரகம் மாவு போல நைசு, வேகமாகச் சூடாகும். இரண்டையும் ஒரே பெயரால் ‘சுத்தம்’ என்று அழைப்பது நியாயமில்லை.

ராமேஸ்வரம்: அப்போ எங்கள் தெரு ரோடு மேல்தோல் உரிவது?

அதற்குச் சிமென்டைக் குற்றம் சொல்ல வேண்டாம். கலவை இறுக ஆரம்பித்த பிறகு மேலே தண்ணீர் தெளித்து, வெறும் சிமென்ட் தூவி, மட்டப்பலகையால் வழித்திருப்பார்கள். அந்த மெல்லிய தோல்தான் உரிகிறது. மேஸ்திரியை அப்போதே நிறுத்துங்கள்.

ராமேஸ்வரம்: இருந்தாலும் சாம்பல் என்றால் கலப்படம்தான்.

மூட்டையில் அச்சிட்டு விற்பது கலப்படமா ஐயா? அச்சிடாமல் சேர்த்தால் நானே உங்கள் பக்கம்.

சாயல்குடி: உப்புத் தண்ணீரில் கலவை போடலாமா?

கீழக்கரைக்காரருக்குச் சொன்னதைப் பாருங்கள்.

தொண்டி: கடற்கரை மணல் இலவசமாகக் கிடைக்கிறது, கழுவிப் போட்டால்?

வேண்டாம். கரையில் மணல் அள்ளுவதே குற்றம், கழுவினாலும் உப்பு முழுதாகப் போகாது. எம்-சாண்ட் வாங்குங்கள்.

வாலிநோக்கம்: உப்புத் தண்ணீர்...

இனி இந்தக் கேள்விக்குப் பதில் இல்லை. ஒரு பாட்டில் தண்ணீரை ஆய்வகத்துக்குக் கொண்டுபோங்கள்.

பாம்பன்: வீட்டுச் சுவர் விரிசல், படம் அனுப்பட்டுமா?

படம் பார்த்துச் சொல்வதில்லை. பக்கத்து இன்ஜினியரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள்.

தேவிபட்டினம்: ரோடு போட்டதும் கோடு வெட்ட வேண்டுமாமே?

ஆமாம். சுமார் 4.5 மீட்டருக்கு ஒன்று, ஆழம் கான்கிரீட் பலகையின் கனத்தில் கால் பங்குக்குக் குறையாமல். ஓரம் பிய்யாத அளவு இறுகியதுமே, அன்றைக்கே வெட்டிவிடுங்கள். தள்ளிப்போட்டால் விரிசல் தன் இஷ்டத்துக்கு ஓடும்.